மனம் வரும்வரை காத்திராமல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் சாம்பல்தீவுப் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சாம்பல்தீவிலிருந்து வஸ் ஏறி வந்து இங்கே படித்தவர்கள் நாங்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்தோம். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் கரை தாண்டி வந்ததையும் கண்டோம். பிறகு வீடுகள் எழும்பின, வள்ளங்கள் வந்தன. சிலருடைய மனம் மட்டும் எழும்பவில்லை. அவர்களைப் பற்றித்தான் இன்று கதைக்க விரும்புகிறோம்.

துக்கம் எல்லோருக்கும் வரும், போகும். எதிலும் நாட்டமில்லாமல், நித்திரையும் பசியும் கெட்டு, 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். சிலரிடம் அது வருடக்கணக்கில் தங்கிவிடும். வீட்டாரோ அதைச் சோம்பல் என்பார்கள்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படி ஆறு வருடம் அறைக்குள்ளேயே இருந்தாள். பெயர் சொல்லாமல் இதைச் சொல்ல அவளே சம்மதம் தந்தாள். கிளினிக்கில் தந்த குளிசைகளை ஒழுங்காகப் போட்டாள். வெளியே கூப்பிட்டால், "மனம் வந்தால் வாறன்" என்பாள். வெளியே வராதபடியால் மனதுக்கு இதமான எதுவும் நடப்பதில்லை. எதுவும் நடக்காதபடியால் மனம் இன்னும் சோரும். இந்தச் சுழியில் அகப்பட்டவள், மனம் வரட்டும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். முதலில் சிறிதாக ஒன்றைச் செய்யவேண்டும். மனம் பின்னால் வரும்.

நாங்கள் நாலு பேர் முறை வைத்து அவளிடம் போனோம். முதல் வாரம் கேட்டது ஒன்றுதான்: காலை ஆறு மணிக்கு எழும்பி, விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிப்பது. அடுத்த வாரம் ஒழுங்கை முனைவரை நடை. பிறகு கடற்கரைவரை. ஒரு கொப்பியில் நேரத்தையும், செய்ததையும், அப்போது மனம் எப்படி இருந்தது என்பதற்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்பதையும் எழுதினாள். முற்றத்தில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய நாட்களில் புள்ளி ஏறியிருந்ததை அவளே கண்டுபிடித்தாள். படுத்தே கிடந்த நாட்களும் கொப்பியில் உண்டு. அதற்காக யாரும் ஏசவில்லை. அடுத்த நாள் மறுபடி விறாந்தையிலிருந்து தொடங்கினோம்.

இது எங்கள் ஊர்க்கதை மட்டுமல்ல. இந்தியாவின் கோவாவில் உளமருத்துவர் விக்ரம் படேலும் குழுவினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுள்ள 495 பேரிடம் இதே வழியைச் சோதித்தார்கள். நோயாளிகளோடு கதைத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூரவர்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள்தான். மூன்று மாதத்தில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர் தேறினார்கள். இந்த ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர். 2017 இல் லான்செற் மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. நடையும் தோட்டமும் நல்லதென்று வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தக் கூடாது. 'இருந்து என்ன பயன்' என்று ஒருத்தி சொன்னால் அவளைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் கதைக்கலாம்.

ரொறன்ரோவின் பனியிலும் லண்டனின் இருட்டிலும் தனித்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நெடுநாளாகப் பேசாதவள் யாரென்று பாருங்கள். காலை வணக்கப் படம் அனுப்பினால் போதாது, அழையுங்கள். "நாளைக்குப் பத்து மணிக்கு இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நடப்போமா?" என்று கேளுங்கள். அவள் மாட்டேன் என்றால் அடுத்த கிழமையும் கேளுங்கள்.

எங்கள் தோழி இன்னும் முழுதாகத் தேறிவிடவில்லை. ஆனால் இந்த விழாவுக்கு எங்களோடு வஸ்ஸில் வந்து, இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்.