கண்டி அடுக்களையில் சீயத்துச் சமையல்



கண்டி மாநகருக்கும் சீய தேசத்துக்கும் உள்ள உறவு பழமையானது. 1753ஆம் ஆண்டில், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியை ஆண்ட காலத்தில், உபாலி தேரர் தலைமையில் பிக்குமார் சிலர் அயோத்தியா நகரிலிருந்து கடல் கடந்து வந்து, இந்நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் உயர்துறவு நெறியை மீண்டும் நிலைநாட்டினர். மல்வத்தை, அஸ்கிரிய என்னும் இரு பெரும் விகாரைகளும் இன்றும் சீயத்தின் பெயர் தாங்கிய நிக்காயத்தைச் சார்ந்தவையே. இதில் ஒரு நயம் உண்டு. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் சுகோதய நகரில் வேரூன்றிய பிக்கு மரபு இலங்கையிலிருந்து அங்கே சென்ற மரபாகும். ஆகவே அயலாரிடம் கடன் வாங்கினோம் என்று நாம் எண்ணியது, முன்னர் நாம் கொடுத்ததன் மீள்வரவேயாகும்.

நான் இன்று சமய வரலாறு பேச வரவில்லை; அடுக்களையைப் பற்றியே பேச வந்துள்ளேன். ஆயினும், அந்நியம் என்று நாம் கருதும் பொருளை நம் முற்றத்திலேயே காண்பது அடுக்களையிலும் நிகழ்கின்றது என்பதைக் காட்டவே இதனை முதலிற் சொன்னேன்.

1939ஆம் ஆண்டில் தாய்லாந்து என்னும் பெயரை ஏற்றுக்கொண்ட அந்நாட்டின் சமையல், இன்று உலகெங்கும் விரும்பி உண்ணப்படுகின்றது. அதிலே கடுந்தீயில், இரும்புத் தாச்சியில், சில நிமிடங்களிற் கிளறி எடுக்கும் வதக்கல் வகைகளை அவர்கள் 'பத்' என்பர். சீனக் குடியேறிகள் கொண்டுவந்த முறை அது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதனை விரும்புகின்றனர். ஆனால் சமைக்க முற்பட்டதும், அந்தப் போத்தல் இல்லை, இந்த இலை இல்லை என்று தாய்மார் கைவிட்டுவிடுகின்றனர். கொழும்பின் பெரிய கடைகளிற் கிடைப்பவை கண்டியில் எப்போதும் கிடைப்பதில்லை. கிடைப்பினும் விலை கடுமை. 2020ஆம் ஆண்டில் மஞ்சள் உட்படப் பல பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட போது, பிற நாட்டுப் போத்தலை நம்பிய சமையல் எவ்வளவு நிலையற்றது என்பதை நாம் நேரிற் கண்டோம்.

என் வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைக் கூற அனுமதிப்பீர்களாக. என் மகள் ஒரு நாள், 'பத் கப்ராவ்' என்னும் தாய்லாந்து வதக்கலைச் செய்ய விரும்பினாள். கோழியிறைச்சியைக் கொத்தி, உள்ளியும் மிளகாயும் சேர்த்து வதக்கி, இறுதியிற் கைந்நிறைய ஓர் இலையைத் தூவுவது அதன் முறை. அந்த இலையின் பெயரே 'கப்ராவ்'. அது எது என்று தேடிப் பார்த்தவள், மகிழ்ச்சியோடு முற்றத்துக்கு ஓடினாள். ஏனெனில் கப்ராவ் என்பது நமது துளசியே.

முற்றத்தில் என் தாயார் நின்றார். எண்பது வயதைக் கடந்தவர். நாள்தோறும் அந்தச் செடிக்கு நீர் வார்த்துக் கும்பிடுபவர். மரக்கறி உணவன்றி வேறு உண்ணாதவர்.

"அம்மம்மா, அந்த நாட்டில் எல்லாரும் துளசியைத்தான் சமைக்கிறார்கள்" என்றாள் என் மகள்.

"அவர்கள் சமைக்கட்டும், பிள்ளை. நான் கும்பிடுகிற இலையை நீ இறைச்சியோடு வதக்கினால், நாளைக்கு விடிய நான் எதைக் கும்பிடுவது?" என்றார் என் தாயார்.

இருவருக்கும் இடையில் நின்ற எனக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் யோசித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. மாற்றுப் பொருளைத் தேடுதல் என்பது கடையில் இல்லாத குறையை நிரப்புவது மட்டுமன்று. உடன் இருந்து உண்பவருடைய மனத்தையும் மதிப்பதாகும். பொருள் இல்லாவிடின் மாற்று வேண்டும். பொருள் இருந்தும் அதனைத் தொட மனம் ஒவ்வாவிடினும் மாற்று வேண்டும்.

மாற்றுப் பொருளை எப்படித் தேர்வது? பொருளின் பெயரைக் கேளாதீர்கள். அது செய்யும் வேலையைக் கேளுங்கள். தாய்லாந்து வதக்கலில் உப்பு, இனிப்பு, புளிப்பு, உறைப்பு என்னும் சுவைகள் சேர்கின்றன. இறுதியில் மணம் வருகின்றது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

முதலில் உப்பு. அவர்கள் 'நாம் பிளா' என்னும் சாற்றை ஊற்றுவர். நாம் என்றால் நீர். பிளா என்றால் மீன். நெத்தலி போன்ற சிறு மீனை உப்பிலிட்டு, ஓராண்டளவில் நொதிக்கவிட்டு வடித்த நீர் அது. உப்போடு மீனின் ஆழ்ந்த சுவையையும் தருவதே அதன் வேலை. நம்மிடம் மாசிக் கருவாடு இருக்கின்றதே! இடித்த மாசி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, நீர் கால் கோப்பை: இவற்றை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால், அதே வேலையைச் செய்யும் நீர் கிடைக்கும். மணத்திற் சிறு வேறுபாடு உண்டு, சுவையிற் குறையில்லை. மரக்கறி உண்போர் உலர்ந்த காளானை ஊறவைத்த நீரையும் சோயா சோஸையும் சேர்க்கலாம்.

இரண்டாவது இனிப்பு. அவர்கள் தென்னைச் சர்க்கரையும் பனஞ்சர்க்கரையும் இடுவர். பெட்சபுரி என்னும் மாகாணம் பனஞ்சர்க்கரைக்குப் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதனைப் போத்தலில் அடைத்துப் பிற நாட்டார் விற்பதை வாங்கவேண்டுமா? மலைநாட்டாருக்குக் கித்துள் கருப்பட்டி உண்டு. கித்துள் பாணி இன்னும் நன்று. தாச்சியில் உடனே கரையும். ஆயினும் கித்துளின் மணம் வலிது. பனங்கட்டியின் அளவிற் பாதியே போதும்.

மூன்றாவது புளிப்பு. பழப்புளியும் தேசிக்காயும் அவர்களுக்கும் உரியவை, நமக்கும் உரியவை. இங்கே மாற்றே வேண்டியதில்லை. தேசிச் சாற்றை மட்டும் அடுப்பை அணைத்த பின் பிழியுங்கள். தீயில் அது கசக்கும்.

நான்காவது உறைப்பு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நமக்கும் வந்தது, சீயத்துக்கும் வந்தது. அதற்கு முன் இரு நாட்டாரும் மிளகையே நம்பினர். புதிதாக வந்த காய்க்கு நாம் மிளகின் பெயரைக் கொடுத்து மிளகாய் என்றோம். அவர்களோ மிளகுக்குரிய 'பிரிக்' என்ற பெயரை மிளகாய்க்குக் கொடுத்துவிட்டு, பழைய மிளகைத் 'தாய் நாட்டு மிளகு' என்று பொருள்பட 'பிரிக் தாய்' என்றனர். பச்சை மிளகுக் கொத்தைக் காம்போடு வதக்கலில் இடும் வழக்கம் இன்றும் அவர்களிடம் உண்டு. அந்தக் கொத்தை அவர்கள் உப்புநீரில் ஊறவைத்துப் போத்தலில் ஏற்றுமதி செய்கின்றனர். கண்டி, மாத்தளைப் பகுதிகளிலோ மிளகுக் கொடி வேலிமரத்திலும் படர்கின்றது. உறைப்புக்குச் சிறிய கொச்சி மிளகாய் சாலப் பொருந்தும்.

இனி மணம். இங்கேதான் பலர் சோர்வடைகின்றனர். எலுமிச்சம்புல் நம் தோட்டத்தில் உள்ளது. சிங்கள அயலவர் 'சேர' என்பதும் அதுவே. வதக்கலுக்கு அடித்தண்டின் வெண்மையான பகுதியை மட்டும் மெல்லியதாக அரிந்து இடுங்கள். இரட்டையாக ஒட்டியது போன்ற இலையுடைய ஒரு தேசி வகையை அவர்கள் பெரிதும் பயன்படுத்துவர். அதன் காய் கரடுமுரடானது. இலங்கையில் அட்டைக்கடிக்கு எதிராகக் காலிற் பூசுவதற்கு அதன் சாற்றைப் பயன்படுத்தியதால், அட்டைத் தேசி என்று பொருள்படும் சிங்களப் பெயரும் அதற்கு உண்டு. காலிற் பூசியதை நாம் கறியில் இடவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. அது கிடையாவிடின், சாதாரண தேசியின் தளிரிலையை நடுநரம்பு நீக்கி நூல்போல அரிந்து, சிறிது தேசித்தோல் துருவலோடு சேருங்கள். பேரரத்தை என்னும் கிழங்கை மளிகைக் கடையில் தேடாதீர்கள்; நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்ததாகக் கிடைக்கும். அதனை ஊறவைத்து இடித்து, இஞ்சியோடு கலந்து அரைத்துக்கொள்ளலாம். மருந்து மணம் மிகாதபடி சிறிதளவே இடுக.

இறுதியாக, எங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். துளசிக்கு மாற்று எது? பலூடாவிலும் சர்பத்திலும் ஊறி மிதக்கும் கறுப்புச் சிறு விதையைக் கடைகளிற் கசகசா என்று விற்கின்றனர். அது திருநீற்றுப்பச்சை என்னும் செடியின் விதை. துளசியின் இனத்தைச் சேர்ந்தது. 'ஹோரப்பா' என்ற பெயரால் தாய்லாந்தார் சமைக்கும் இலையும் இந்தச் செடியின் ஒரு வகையே. ஒரு தேக்கரண்டி விதையைச் சட்டி மண்ணில் தூவி, மெல்லிதாக மண் மூடி, ஈரம் காயாமல் வைத்தோம். ஒரு வாரத்தில் முளைத்தது. இரண்டு மாதத்தில் இலை பறித்தோம். துளசியிற் கராம்பின் மணம் உண்டு. திருநீற்றுப்பச்சையிற் பெருஞ்சீரக மணம் மிகுதி. ஆதலால் ஒரேயொரு கராம்பைப் பொடித்துச் சேர்த்தால், அந்த இடைவெளி பெரிதும் நிரம்புகின்றது.

இனிச் செய்முறையைச் சொல்கின்றேன், விரும்பியோர் எழுதிக்கொள்ளலாம். கொத்திய கோழியிறைச்சி 250 கிராம். உள்ளி ஆறு பல்லையும் கொச்சி மிளகாய் நான்கையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்க. சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, மாசி நீர் ஒரு மேசைக்கரண்டி, கித்துள் பாணி அரைத் தேக்கரண்டி: இவற்றை ஒரு கிண்ணத்திற் கலந்து வைக்க. இலை இரண்டு கைப்பிடி, கழுவி ஈரம் போகத் துடைத்தது. எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருந்த பின்னரே அடுப்பை மூட்டவேண்டும். நம் கறி காத்திருக்கும். இந்த வதக்கல் காத்திராது.

தாச்சி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி விடுக. இடித்த கூட்டை இட்டு அரை நிமிடம் கிளறுக. இறைச்சியை இட்டு, உடைத்துவிட்டுக் கிளறுக. நீர் வற்றி ஓரம் சிவக்கும்வரை மூன்று நான்கு நிமிடங்கள் ஆகும். கிண்ணத்துக் கலவையையும் கராம்புப் பொடியையும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டுக. அடுப்பை அணைத்து, இலையைத் தூவி ஒருமுறை கிளறி இறக்குக. சோறும் ஓரம் முறுகப் பொரித்த முட்டையும் இதற்குத் துணை. ஒரே முறையில் ஒரு கிலோ இறைச்சியைத் தாச்சியில் நிரப்பாதீர்கள். சூடு தணிந்து, வதக்கல் அவியலாகிவிடும். 2022இல் எரிவாயு கிடைக்காமல் நாம் பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டீர்கள். இத்தகைய சமையலுக்கு அடுப்பு எரிவது ஐந்தாறு நிமிடமே என்பதும் கருதத்தக்கது.

மரக்கறி உண்போருக்கு, அதே தாச்சியைக் கழுவிவிட்டு, நான்கு பல் உள்ளியும் மிளகாயும் தட்டிப்போட்டு, வள்ளைக்கீரையாகிய கங்குனை இட்டுப் பெருந்தீயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். தாய்லாந்தார் இதில் நொதித்த சோயா அவரைக் கூழைச் சேர்ப்பர். அவித்து மசித்த சோயா அவரை ஒரு மேசைக்கரண்டியும் சோயா சோஸும் நமக்குப் போதும். முஸ்லிம் நண்பர் விருந்துக்கு வருவாராயின், கடைச் சோஸ் போத்தலின் பெயர்ச்சீட்டை முன்கூட்டியே படித்துப் பாருங்கள். சிலவற்றில் மதுசாரம் சேர்ந்திருக்கும். நம் மாசி நீரில் அந்தக் கவலை இல்லை.

மாற்றுக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அரிசி நூடில்ஸுக்குப் பதிலாக இடியப்பத்தைத் தாச்சியில் இட்டால், அது உதிர்ந்து வேறோர் உணவாகிவிடும். அந்த உணவும் சுவையாக இருக்கலாம். ஆனால் அதற்குத் தாய்லாந்தின் பெயரைச் சூட்டுதல் முறையன்று. அவ்வாறே, புதிய இலைக்குப் பதிலாக உலர்ந்த இலைப்பொடியைத் தூவுவதால் எப்பயனுமில்லை. இலைக்கு ஈடு இலையே. சில வாரம் பொறுத்து அதனை வளர்ப்பதே வழி.

திருநீற்றுப்பச்சை தழைத்த பின், ஒரு மாலை என் மகள் அந்த வதக்கலைச் செய்தாள். தாயாருக்கெனக் கங்குனை முதலிலேயே தனியாக வதக்கி வைத்தாள். தாயார் முற்றத்திலிருந்து உள்ளே வந்து, மணத்தை உணர்ந்து, ஒரு கணம் நின்றார். "என் செடியில் பறித்தாயோ?" என்று கேட்டார். "இல்லை அம்மம்மா, இது சட்டியில் நான் விதைத்தது" என்றாள் மகள். தாயார் வாசலுக்குச் சென்று துளசியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எங்களோடு அமர்ந்து உண்டார். இப்போது சட்டியில் நிற்கும் செடிக்கும் காலையில் நீர் வார்ப்பவர் அவரே.

உங்கள் முற்றத்திலும் வேலியோரத்திலும் பெயர் அறியாத மணங்கள் பல இருக்கும். போத்தலைத் தேடிக் கடைக்குப் புறப்படுமுன், வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். எதைப் பறிக்கலாம் என்பதையும், எதைப் பறிக்கலாகாது என்பதையும் அவர் சொல்லித்தருவார்.