பூச்சி மருந்தா? பூச்சி விஷமா?

(விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பூச்சி மருந்து என்னும் விஷயமாகும். அதை மருந்து என்று சொல்லுவதே முதல் தப்பு. நோயைத் தீர்ப்பதற்குப் பெயர் மருந்து. உயிரைக் கொல்லுவதற்குப் பெயர் விஷம். பெயரை மாற்றிவிட்டால் குணம் மாறிவிடுமா என்று கேட்கின்றோம். 2013-ம் வருஷம் பீகாரில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் மாண்டார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சி விஷம் அந்தச் சாப்பாட்டில் கலந்திருந்தது. அதையும் மருந்து என்று சொல்ல யாருக்காவது நாக்கு எழுமா?

இந்த விஷத்தை வயலில் தெளிப்பவர் யார்? பெரும்பாலும் நிலத்துக்குடையவர் வரப்பில் நிற்கின்றார். கூலியாள் முதுகில் தெளிப்பானைச் சுமந்து, வெறுங்காலோடு அந்த நெடிக்குள் நடக்கின்றார். லாபம் ஒருவருக்கு, நஞ்சு மற்றொருவருக்கு! ஆதலால் இது வெறும் விவசாய விஷயமல்ல. மனிதனை மனிதனாக மதிக்கும் விஷயமுமாகும்.

"விஷமில்லாவிட்டால் விளைச்சலில்லை, பட்டினிதான்" என்று சிலர் பயமுறுத்துகின்றார்கள். இந்தோனேஷியாவில் நடந்ததைப் பாருங்கள். 1980-களின் நடுவில் அந்தச் சர்க்கார் விஷத்தின் விலையில் 100-க்கு 80 பாகம்வரை தானே கொடுத்து, வருஷத்துக்கு 10 கோடி டாலருக்குமேல் இறைத்தது. புகையான் ஒழிந்ததா? இல்லை, பெருகிற்று. ஏனென்றால், புகையானைத் தின்னும் சிலந்திகளை விஷம் கொன்றது. தாளுக்குள் இருந்த புகையான் முட்டையோ பத்திரமாயிருந்தது. 1986-ல் நெல்லுக்கு 57 வகை விஷங்களைத் தடை செய்தார்கள். 1989-ல் உதவிப் பணத்தையும் நிறுத்தினார்கள். எது பகை, எது துணை என்று வயலிலேயே பார்த்தறியக் குடியானவர்களுக்குக் கற்பித்தார்கள். பட்டினி வரவில்லை, நெல் விளைச்சலும் குறையவில்லை. அப்படியானால் அத்தனை காலம் கொட்டின பணம் யாருக்குப் பிரயோஜனப்பட்டது?

அவ்வளவு தூரம் போவானேன்? 2008-ல் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதல் கண்ணில் பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அதன் மேலே மெழுகு மாவு படிந்திருப்பதால் விஷம் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. மல்பெரிக்கோ விஷம் அடித்தால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவே செத்துவிடும். 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகளை வரவழைத்து, பெங்களூரில் பரிசோதித்து, பிறகு தோட்டங்களில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், பொரிந்த புழு உள்ளிருந்தே தின்றுவிடும், மனிதரைக் கொட்டாது. சில மாதங்களில் பூச்சி அடங்கிற்று. இதற்கு முன்பே, 1981-ல் பராகுவேயில் கண்டெடுத்த வேறொரு குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றிற்று. அவ்வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இவ்வளவு நல்ல வழி ஏன் எங்கும் பரவவில்லை? விட்ட குளவி தானே பெருகிக்கொள்ளும். வருஷா வருஷம் புட்டியில் அடைத்து விற்க முடியாது. விற்க முடியாத சாமானுக்கு எந்த வியாபாரி முதல் போடுவான்? அது அவன் குற்றமல்ல; வியாபாரத்தின் தன்மை. ஆனால் நோய் சொல்லுகிறவரும் சரக்கு விற்கிறவரும் ஒரே கடைக்காரராயிருந்தால் நம் கதி என்ன ஆகும்? ஆதலால்தான் இவ்வேலைக்குப் பொதுப்பணம் வேண்டுமென்கின்றோம்.

தோழர்களே! இதனால், பழைய கஷாயமெல்லாம் நல்லதென்றோ, செடியிலிருந்து வந்ததெல்லாம் சாதுவானதென்றோ நாம் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். அதுவும் குருட்டு நம்பிக்கையே. புகையிலையும் செடிதான், அதிலுள்ள நிக்கோட்டின் கொடிய விஷம். 1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னுமென்று நம்பித் தேரைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு ஒழியவில்லை, தேரைகளே பெருந்தொல்லையாய்ப் பரவின. ஆகவே வேப்பெண்ணெயானாலும், குளவியானாலும், கிருமியானாலும் பரிசோதனை செய்துதான் கையாளவேண்டும். அப்பரிசோதனைக்கு ஆளும், காலமும், பணமும் வேண்டும். சிக்கனம் என்று அதைக் குறைப்பவர்கள் பின்னால் பல மடங்கு கொடுக்க நேரிடும்.

எனவே நாம் கேட்பவை மூன்று. சர்க்கார் பூச்சி விஷத்துக்கென்று பணம் ஒதுக்கும்போது, நன்மை செய்யும் பூச்சிகளை வளர்க்கும் நிலையங்களுக்கும் ஒதுக்கவேண்டும். பரிசோதனையின் முடிவு, வெற்றியானாலும் தோல்வியானாலும், குடியானவனுக்குத் தெரியும் தமிழில் வெளியாகவேண்டும். வயலில் பூச்சி பார்க்கக் கற்பிக்கும்போது சொந்தக்காரரை மட்டுமல்லாமல், கூலியாட்களையும், நாற்று நடும் பெண்களையும் அழைத்துக் கற்பிக்கவேண்டும்.

நாம் சொன்னதற்காக நம்பவேண்டியதில்லை. நாளைக் காலையில் உங்கள் வயலில் இறங்கி, ஒரு நெற்குத்தைப் பிரித்துப் பாருங்கள். அங்கே எத்தனை பகை, எத்தனை துணை என்று எண்ணுங்கள். எண்ணிப் பார்த்த பிறகு, தெளிப்பானைத் தூக்குவதா வேண்டாமா என்பதை உங்கள் அறிவே சொல்லும்.