மொத்தக் கிடங்கின் உறுப்பினர் அட்டை: சாதாரணக் குடும்பத்துக்கு ஆதாயமா?

(பெங்களூருவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலைவாசி உயர்வைப் பற்றித் தெருமுனைக் கூட்டங்களில் நாம் தொடர்ந்து பேசி வருகிறோம். கூட்டம் முடிந்த பிறகு நம்மிடம் வருகிற பெண்கள் கேட்கிற கேள்வி மிகவும் எளிமையானது. “மொத்த விற்பனைக் கிடங்கில் அட்டை இருந்தால் மளிகைச் செலவு குறையும் என்கிறார்களே, நாங்களும் சேரலாமா?” என்று கேட்கிறார்கள். “அது பெருமுதலாளிகளின் கடை, போகாதீர்கள்” என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது பதில் ஆகாது. மாதத்துக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முயல்கிற தொழிலாளிக் குடும்பத்தை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. கணக்கைப் போட்டுக் காட்டுவதும், அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் அரசியலை விளக்குவதும்தான் நம் கடமை.

அட்டையின் பிறப்பிடம்

இந்த வணிக முறை அமெரிக்காவில் உருவானது. 1976ல் சான் டியாகோ நகரில் பிரைஸ் கிளப் தொடங்கப்பட்டது. 1983ல் காஸ்ட்கோவும், வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப்பும் வந்தன. வாடிக்கையாளர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினராக வேண்டும். பிறகு பெரிய பொட்டலங்களைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் காஸ்ட்கோவின் அடிப்படைக் கட்டணம் 2024 செப்டம்பரில் 60 டாலரிலிருந்து 65 டாலராக உயர்த்தப்பட்டது. பத்து சதவீதம் விலை குறைவு என்று வைத்துக்கொண்டால், அந்தக் கட்டணத்தை மீட்பதற்கே 650 டாலருக்குப் பொருள் வாங்க வேண்டும். அதற்கு மேல் வாங்கினால்தான் ஆதாயம் தொடங்கும். கார், பெரிய குளிர்சாதனப் பெட்டி, பொருள்களை அடுக்கி வைக்கத் தனி இடம் ஆகியவை உள்ள குடும்பத்துக்கு இது சாத்தியமே.

நிறுவனத்தின் கணக்கையும் பாருங்கள். 2024 நிதியாண்டில் காஸ்ட்கோ உறுப்பினர் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 480 கோடி டாலர் வசூலித்தது. அதே ஆண்டில் அதன் நிகர லாபம் சுமார் 740 கோடி டாலர். பொருளைக் குறைந்த விலைக்கு விற்று, கடைக்குள் நுழையும் உரிமையை விலைக்கு விற்பதே இந்தத் தொழிலின் உயிர்நாடி. கட்டணம் செலுத்திவிட்டோமே என்பதற்காகவே மக்கள் திரும்பத் திரும்ப அங்கே செல்கிறார்கள். தேவைக்கு மேலும் வாங்குகிறார்கள்.

இந்தியாவில் நுழைந்த வழி

நம் நாட்டில் இது வேறு வடிவத்தில் வந்தது. ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் 2003ல் இதே பெங்களூருவில்தான் தன் முதல் மொத்த விற்பனைக் கிடங்கைத் திறந்தது. மொத்த வணிகத்தில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு 2006ல் தானியங்கி வழி திறந்துவிடப்பட்டது. பாரதியுடன் கூட்டுச் சேர்ந்த வால்மார்ட், 2009ல் பஞ்சாபில் பெஸ்ட் பிரைஸ் கிடங்கைத் தொடங்கியது. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லரை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அன்றைய மத்திய அரசு அனுமதித்தபோது, இடதுசாரிக் கட்சிகளும் வணிகர் அமைப்புகளும் செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய எதிர்ப்பை நடத்தின. பல மாநிலங்கள் அந்த அனுமதியை ஏற்கவில்லை. ஆனால் மொத்த வணிகம் என்ற கதவு திறந்தே இருந்தது.

அந்நிய முதலீட்டு விதிகளின்படி இத்தகைய மொத்தக் கிடங்கு சாதாரண நுகர்வோருக்கு விற்கக் கூடாது. வரிப் பதிவு பெற்ற வணிகர், கடை உரிமம் உள்ளவர், உரிய அனுமதி பெற்ற தெரு வியாபாரி, சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பதிவு பெற்ற நிறுவனம், சங்கம், அறக்கட்டளை ஆகியோருக்கே விற்கலாம். எனவே இங்கே நுழைவுச் சீட்டாக இருப்பது வணிக உரிமம். உறவினரின் அட்டையையோ தெரிந்த கடைக்காரரின் அட்டையையோ இரவல் வாங்கிச் செல்லும் குடும்பம், தன் பெயரில் இல்லாத ரசீதில் பொருள் வாங்குகிறது. பொருளில் குறை இருந்தால் உரிமையோடு முறையிட அதன் கையில் ஆவணம் இருக்காது. அட்டையை இரவல் கொடுத்தவரின் வரிக் கணக்கில் அந்தக் கொள்முதல் ஏறும். இது தெரிந்தே செல்ல வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

விலை உண்மையில் குறைவுதானா? பல பொருள்களில் குறைவு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். மாதம் 5,000 ரூபாய்க்கு உணவுப் பொருளும் மளிகையும் வாங்கும் குடும்பம். இதில் பால், காய்கறி, மீன் போன்ற அன்றாடப் பொருள்களுக்கு 2,000 ரூபாய் போய்விடும். மீதி 3,000 ரூபாய்க்குத்தான் கிடங்கில் வாங்க முடியும். எட்டு சதவீதம் குறைவு என்றால் மிச்சம் 240 ரூபாய். ஆட்டோவில் போய்வர 300 ரூபாய் ஆகும் என்றால் நட்டமே வரும்.

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சென்றால் 6,000 ரூபாய்க்கு வாங்கலாம். 480 ரூபாய் மிச்சமாகும். ஆட்டோச் செலவு போக 180 ரூபாய் நிற்கும். மாதத்துக்கு 90 ரூபாய். ஆனால் 6,000 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். கைம்மாற்று வாங்கினால், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்ற கணக்கில் ஒரே மாத வட்டி 180 ரூபாய். மிச்சம் பூச்சியம். பத்துக்குப் பத்து அறையில் துவரம்பருப்பு மூட்டையில் வண்டு விழுந்தாலோ, வாங்க நினைக்காத பொருளைச் சலுகை விலையில் எடுத்துவிட்டாலோ அது நட்டக் கணக்கு.

முன்பணம், இடம், வாகனம் இம்மூன்றும் உள்ளவருக்கே மலிவு கிடைக்கிறது. ஏழை, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறார். இதற்குக் காரணம் அவரது அறியாமை என்று சொல்வோர் வாரக் கூலியின் வாழ்க்கையை அறியாதவர்கள்.

பேட்டைக் கடையின் இடம்

நம் தெருவின் மளிகைக் கடைக்காரர் புனிதர் அல்லர். அவரது கடையில் வேலை பார்க்கும் இளைஞருக்கு உரிய கூலி கிடைக்கிறதா என்பதையும் நாம்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அவர் நூறு கிராம் புளியும் கால் லிட்டர் எண்ணெயும் தருகிறார். சம்பளம் தள்ளிப்போகும் மாதத்திலும், வேலைநிறுத்தக் காலத்திலும், 2020ன் ஊரடங்கிலும் தொழிலாளிக் குடும்பங்களின் அடுப்பு எரிந்ததில் அந்தக் கடன் நோட்டுக்கும் பங்கு உண்டு. மொத்தக் கிடங்கின் கல்லாவில் தொழிலாளிக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது.

சிறு கடைக்காரருக்காவது இந்த அட்டை நல்லதா? ஒரே கூரையின் கீழ் பொருளும் ஒழுங்கான ரசீதும் கிடைப்பது உடனடி வசதி. நாளைய நிலை வேறு. 2018ல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளை வாங்கியது. 2020ல் வால்மார்ட்டின் இந்திய மொத்த வணிகம் பிளிப்கார்ட்டின் கைக்கு வந்தது. 2023ல் மெட்ரோவின் இந்திய வணிகத்தை 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் வாங்கி முடித்தது. கடைக்காரருக்குச் சரக்கு கொடுக்கும் குழுமமே, அவரது வாடிக்கையாளருக்குச் செயலி மூலமும் தன் சில்லரைக் கடைகள் மூலமும் நேரடியாக விற்கிறது. எந்தத் தெருவில் எந்தச் சரக்கு ஓடுகிறது என்ற தகவலைக் கடைக்காரரே தன் ரசீதுகள் வழியாக அதற்குக் கொடுக்கிறார். கொள்முதல் சில கைகளில் குவிந்த பிறகு விவசாயிக்குத் தரும் விலையையும், நாம் கொடுக்கும் விலையையும் அந்தக் கைகளே நிர்ணயிக்கும். இதைத்தான் ஏகபோகம் என்கிறோம்.

உறுப்பினர் என்ற சொல்

1844ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை தொடங்கினார்கள். நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் அடங்கிய அந்தக் குழுவில் உறுப்பினர் என்றால் உரிமையாளர். ஒருவருக்கு ஒரு வாக்கு. உபரி, வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கே திரும்பியது. 1904ல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் கூட்டுறவு நெறியில் உருவானதே. மொத்தக் கிடங்கின் உறுப்பினருக்கு வாக்கு இல்லை, பங்கு இல்லை. அட்டை மட்டுமே உண்டு.

கூட்டுறவு என்ற பெயரே எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. 1966ல் டில்லியில் தொடங்கிய சூப்பர் பஜார் பின்னர் நொடித்து மூடப்பட்டது. கேரளத்தில் 1974ல் தோன்றிய சப்ளைகோ 13 அத்தியாவசியப் பொருள்களை மானிய விலையில் விற்றது. 2016 முதல் பல ஆண்டுகள் அவற்றின் விலையை உயர்த்தவில்லை. நிதி நெருக்கடியால் சரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 2024ல் விலையை மாற்றியமைக்க வேண்டி வந்தது. பொது விநியோகத்துக்கு அரசு நிதி தொடர்ந்து வர வேண்டும் என்பதே இதன் பாடம். 1997ல் பொது விநியோக முறையை ‘இலக்கு’ நோக்கியதாகச் சுருக்கியபோது, மக்களைச் சந்தைக்குத் தள்ளியது அரசின் கொள்கைதான்.

நாம் செய்யக்கூடியது

கிளைகள் உடனே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பன்னிரண்டு குடும்பங்கள் மாதம் 3,000 ரூபாய் வீதம் சேர்த்தால் 36,000 ரூபாய். அதே எட்டு சதவீதம் குறைந்தால் மிச்சம் 2,880 ரூபாய். வண்டிக்கு 800 ரூபாய் போனாலும் குடும்பத்துக்குச் சுமார் 170 ரூபாய் நிற்கிறது. தனியாகச் சென்றவருக்குக் கிடைத்த 90 ரூபாயைவிட இது ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டு மாதப் பணத்தை முன்கூட்டிப் போடவும் வேண்டியதில்லை. யஷ்வந்த்பூர் மொத்தச் சந்தையில் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். எடையை எல்லோர் முன்னிலையிலும் போட வேண்டும். கணக்கை எழுதி வாசிக்க வேண்டும். பொறுப்பு பெண் தோழர்களிடம் இருக்க வேண்டும். கட்சியில் இல்லாத அண்டை வீட்டாரையும் சேர்க்க வேண்டும். வேரூன்றினால் சங்கமாகப் பதிவு செய்யலாம்.

எங்கே வாங்கினாலும், அச்சிட்ட அதிகபட்ச விலையில் எத்தனை சதவீதத் தள்ளுபடி என்று பார்க்க வேண்டாம். கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்பதைப் பாருங்கள். பொட்டலத்தின் மீது அந்த அலகு விலையை அச்சிட வேண்டும் என்று சட்ட விதி இருக்கிறது. அட்டவணையில் காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்துள்ளதா என்றும் கேளுங்கள்.

கூட்டாக வாங்குவது 170 ரூபாயை மிச்சப்படுத்தும், விலைவாசியைக் குறைக்காது. அதற்கு ரேஷன் கடையில் பருப்பும் எண்ணெயும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். பதுக்கல் தடுக்கப்பட வேண்டும். குறைந்தபட்சக் கூலி உயர வேண்டும். பருப்பைப் பிரித்துக்கொள்ள மாதந்தோறும் கூடுகிற பன்னிரண்டு குடும்பங்கள், இந்தக் கோரிக்கைகளோடு உணவுத் துறை அலுவலகத்தின் முன்பும் வந்து நிற்கும். வரும் மாதத்திலேயே ஒவ்வொரு கிளையும் ஒரு குழுவையாவது அமைத்து, வரவு செலவுக் கணக்கை அடுத்த கூட்டத்தில் வைக்குமாறு கேட்டுக்கொண்டு உரையை முடிக்கிறேன்.