கீழே இருக்கும் எண்ணையும் பாருங்க!



இறப்பு விகிதம் என்பது நாம் பள்ளியில் போட்ட பின்னக் கணக்குதான். மேலே இறந்தவர்கள்; கீழே, பரிசோதனையில் நோய் உறுதியானவர்கள்.

2020 மார்ச் நடுவில் கொரோனாவுக்கு இத்தாலி காட்டிய விகிதம் 7 சதவீதத்துக்கு மேல். தென்கொரியாவில் சுமார் 1 சதவீதம். கிருமி ஒன்றுதானே, ஏன் இப்படி?

இத்தாலியில் முதியோர் அதிகம். அது ஒரு காரணம். இன்னொன்று பரிசோதனை. அங்கே நோய் கடுமையானவர்களுக்கு முன்னுரிமை. கொரியாவிலோ, நோயாளிகளோடு பழகியவர்களையும் தேடித் தேடிச் சோதித்தார்கள். லேசான நோயாளிகள் கணக்கில் வராவிட்டால் கீழ் எண் சுருங்கும், விகிதம் ஏறும். சோதிக்கப்படாமலே வீட்டில் இறந்தவர்கள் விடுபட்டால் மேல் எண் சுருங்கும், விகிதம் இறங்கும்.

வீண் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். யாராவது சதவீதம் சொன்னால், "யாரையெல்லாம் சோதிச்சீங்க?" என்று கேளுங்கள்.