வாசல் மூடினால் சீட்டுப் பணம் யாருக்கு?

ஃபேரர் பார்க் வட்டாரத்தில் வளர்ந்த பழைய தலைமுறைக்குக் காற்பந்து காசு கொடுத்துப் பார்க்கும் ஒன்றாக அறிமுகமாகவில்லை. ‘அங்கிள் சூ’ என்று அழைக்கப்பட்ட பயிற்றுநர் சூ செங் குவீ தேசிய ஆட்டக்காரர்களை அந்தத் திடலில் ஓடவைத்தபோது, ஓரமாக நின்றாலே போதும். காசு கொடுத்துப் பார்ப்பதென்றால் பக்கத்திலேயே, 1929இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம். 1973க்குப் பிறகு காலாங். ஆட்டம் நின்றுபோனால் ஒரு நாள் சீட்டுப் பணத்தோடு நஷ்டம் முடிந்தது.

பருவச் சீட்டு அப்படியல்ல. ஒரு பருவம் முழுவதற்கும் பணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும். இடையில் வாசலை மூடிவிட்டால் என்ன செய்வது?

2020இல் இந்தக் கேள்வி உலகம் முழுவதும் எழுந்தது. கொவிட் பரவலால் சிங்கப்பூர் பிரிமியர் லீக் மார்ச் இறுதியில் நின்று, அக்டோபரில் ரசிகர்கள் இல்லாமல் தொடர்ந்தது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த 92 ஆட்டங்கள் வெற்று அரங்குகளில் நடந்தன. 30 ஆண்டு காத்திருந்து லீக் பட்டத்தை வென்ற லிவர்பூல், கிண்ணத்தைத் தூக்கியபோது ஆன்ஃபீல்டில் ரசிகர்கள் இல்லை. ஆட்டம் நடந்தது, தொலைக்காட்சியிலும் வந்தது. அப்படியானால் பருவச் சீட்டு வாங்கியவர் எதை வாங்கினார்?

இதற்குப் பதில் தேட, நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும். 1902 ஜூனில் லண்டனில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம் நடக்கவிருந்தது. அதைப் பார்ப்பதற்காக ஒருவர், ஊர்வலப் பாதையில் இருந்த வீட்டை இரண்டு பகல்களுக்கு 75 பவுனுக்குப் பேசி, 25 பவுன் முன்பணம் கொடுத்தார். மன்னருக்கு அவசர அறுவைச் சிகிச்சை, ஊர்வலம் தள்ளிப்போனது. வீடு அங்கேயேதான் இருந்தது, சன்னலும் திறந்தே இருந்தது. ஆனாலும் ஊர்வலம்தான் ஒப்பந்தத்தின் அடிப்படை என்று சொல்லி, பாக்கி 50 பவுனைக் கட்டத் தேவையில்லை என நீதிமன்றம் 1903இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே இதேபோன்ற இன்னொரு வழக்கில், ஏற்கெனவே கட்டிய 100 பவுன் திரும்பக் கிடைக்காது என்றார்கள். முன்கூட்டியே பணம் கட்டியவருக்குத்தான் நஷ்டம்! 1943இல்தான் பிரிட்டனில் தீர்ப்பும் சட்டமும் இதை மாற்றின. அந்தச் சட்டத்தை ஒட்டியதே, நிறைவேற்ற முடியாமற்போன ஒப்பந்தங்கள் குறித்த சிங்கப்பூர்ச் சட்டம்.

அதன்படி, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஏற்பாட்டாளர் நியாயமாகச் செய்த செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஏற்கெனவே பார்த்து முடித்த ஆட்டங்களைத் தனியே பிரித்து ஒதுக்கிவிடலாம். முக்கியமான ஒன்று: இப்படி நேர்ந்தால் என்ன செய்வதென்று சீட்டின் நிபந்தனையில் எழுதியிருந்தால், அதுவே முன்னுரிமை பெறும். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? எனினும் அந்த நிபந்தனை நியாயமற்றதாக இருந்தால் அதை எதிர்க்கவும் சட்டத்தில் இடமுண்டு.

வேலை நேரம் மாறியது, பிள்ளைக்குக் காய்ச்சல், ஊருக்குப் போக வேண்டிய நிலை ஆகியவை வேறு கணக்கு. இருக்கை காத்திருந்தது, ரசிகர்தான் வரவில்லை. இங்கே சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. இருக்கையை அந்த ஒரு நாளைக்கு நண்பருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வாசல் மூடப்பட்டபோது, பணத்தைத் திருப்புவதற்குப் பதிலாக அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்ளும் வழியையும் குழுக்கள் முன்வைத்தன. வசதி உள்ளவருக்கு அது சரி. அந்த ஆண்டில் வேலையை இழந்தவருக்கு அடுத்த பருவத்து இருக்கை எதற்கு? அவருக்குத் தேவை ரொக்கம். எதை ஏற்பது என்ற முடிவு பணம் கட்டியவருடையதாக இருப்பதே நியாயம்.

நேரில் பார்ப்பதன் மதிப்பைச் சென்னை ரசிகர்களும் காட்டியிருக்கிறார்கள். 2018இல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் ஆட்டங்கள் புனேவுக்கு மாறின. சென்னை அணி ஏற்பாடு செய்த சிறப்பு ரயிலில் மஞ்சள் சட்டையுடன் ஏறிப் போனார்கள். வீட்டில் தொலைக்காட்சி இல்லாமலா?

சிங்கப்பூரில் பணம் வரவில்லையென்றால் முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு பயனீட்டாளர் சங்கம். அதற்கும் மேல், சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், வழக்கறிஞர் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். சீட்டு, ரசீது, வந்த மின்னஞ்சல்கள், பார்த்த ஆட்டங்கள் எத்தனை, பார்க்க முடியாதவை எத்தனை என்ற பட்டியல் இவற்றைக் கையோடு கொண்டுபோகவும்.