குளத்தைச் சுத்தி ஓட வேண்டாம், போயிட்டுத் திரும்பி வருவோம்

நாகர்கோவில்ல காலையில ஓடறதுக்கு நல்ல இடம் எங்க இருக்கு? நம்ம ஊர்ப் பசங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. ரோட்டோரம் ஓடினா பஸ்ஸும் டெம்போவும் உரசிட்டுப் போகும். மைதானத்துல ஒரே வட்டத்தைச் சுத்திச் சுத்தி சலிப்பு வந்திரும். அப்போ எல்லாருக்கும் ஞாபகம் வர்றது குளத்துக்கரை. நாஞ்சில் நாட்டுல குளத்துக்கு என்ன பஞ்சம்?

கன்னியாகுமரி போற வழியில சுசீந்திரம் குளம், அங்கிருந்து கொஞ்சம் உள்ள போனா தேரூர் குளம். தேரூர்னா கவிமணி பிறந்த ஊர். ஒரு பக்கம் வயல், தென்னை, தாமரை இலை, தூரத்துல மலை. ‘இந்தக் குளத்தைச் சுத்தி ஒரு ஜாகிங் டிராக் போட்டா எப்படி இருக்கும்!’னு பாத்தவங்களுக்குத் தோணத்தான் செய்யும்.

இந்த ‘சுத்தி’ங்கற வார்த்தையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நம்ம குளங்கள் தானா உண்டான ஏரி இல்ல. பாசனத்துக்காக மண்ணை அணைச்சுக் கட்டினது. பொதுவா கரை இருக்கறது தாழ்வான பக்கம். மடையும் மறுகாலும் அங்கதான். அதுக்கு எதிர்ப்பக்கம், தண்ணி உள்ள வர்ற மேட்டுப் பக்கம் இருக்கே, அங்க கரைன்னு பெருசா ஒண்ணும் இருக்காது. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆழம் குறைஞ்சு, சேறாகி, கோரைப்புல்லாகி, அப்படியே நிலத்துல கலந்திரும்.

நமக்கு அது வெறும் சகதி. பறவைகளுக்கு அதுதான் சாப்பாட்டு மேசை. உள்ளான் மாதிரி குட்டைக்கால் பறவை ஈரச்சேத்துல இரை தேடும். நெட்டைக்கால் நாரை முழங்கால் தண்ணில நிக்கும். முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் முங்கி எழுந்திரிக்க இன்னும் ஆழம் வேணும். ஒவ்வொருத்தருக்கும் சில அங்குல வித்தியாசம்தான். அங்க ஒரு சுவரும் நடைபாதையும் வந்தா, ஒரு பக்கம் ஆழத் தண்ணி, மறுபக்கம் சிமெண்ட். நடுவுல இருந்த மேசை காணாமப் போயிரும்.

2022ல சுசீந்திரம்-தேரூர் ஈரநிலம் ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. 94.23 ஹெக்டேர். நம்ம மாவட்டத்துலயே வேம்பனூரும் அதே வருஷம் சேர்ந்துச்சு, 19.75 ஹெக்டேர். உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல் அது. 1971ல ஈரான்ல இருக்கற ராம்சர் நகரத்துல போட்ட ஒப்பந்தம். மத்திய ஆசிய வான்வழியில குளிருக்குத் தப்பி வர்ற பறவைகளுக்கு, இந்திய நிலப்பரப்போட தென்கோடியில நம்ம குளங்கள் ஒரு தங்கல்.

சட்டமும் ஒண்ணு இருக்கு. 2017ஆம் வருஷ ஈரநில விதிகள்படி, இந்த மாதிரி இடங்கள்ல கடந்த பத்து வருஷத்துச் சராசரி உச்ச வெள்ள மட்டத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள நிரந்தரக் கட்டுமானம் கூடாது. படகுத்துறைக்கு மட்டும்தான் விலக்கு.

கோயம்புத்தூர்ல உக்கடம் பெரியகுளம், வாலாங்குளக் கரைகள்ல ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல நடைபாதையும் விளக்கும் போட்டாங்க. சாயங்காலமானா குடும்பம் குடும்பமா ஜனங்க வர்றாங்க. அந்தத் தேவை உண்மை. விளக்கு இல்லாத கரையில ஒரு பொண்ணு தனியா ஓட முடியுமாங்கற கேள்வியும் நியாயமானதுதான். ஆனா ராத்திரி விளக்கு வேணும்னா அதை ஊருக்குள்ள பூங்காவுலயும் மைதானத்துலயும் கேப்போம். நாகர்கோவில் 2019ல மாநகராட்சி ஆயாச்சே, கேக்க நமக்கு உரிமை இருக்கு. குளத்துக்கு ராத்திரி இருட்டாவே இருக்கட்டும்.

அப்போ ஓடவே கூடாதா? ஓடலாம் மக்களே. ஏற்கனவே ஜனங்க நடமாடுற மண்கரை இருக்கு. அதுல ஒரு முனையில இருந்து மறுமுனை வரை போங்க, அதே வழியில திரும்பி வாங்க. வட்டத்தை முடிக்க வேண்டாம். அந்த எதிர்க்கரையை விட்டிருங்க.

சில விஷயம் மட்டும். விடிஞ்சப்புறம் போங்க. மழை பெஞ்ச மறுநாள் கரை வழுக்கும், பாத்துக்கிடுங்க. ஸ்பீக்கர்ல பாட்டு வேண்டாம். வளர்ப்பு நாயை வீட்டுலயே விட்டிருங்க. அக்டோபர்ல இருந்து மார்ச் வரை வலசைப் பறவைங்க இருக்கற காலம். கூட்டமா பறவை உக்காந்திருந்தா ஓட்டத்தை நடையா மாத்துங்க. வீடியோவுக்காகக் கை தட்டி பறக்க விடாதீங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்பு அது. ஒவ்வொரு தடவை பதறிப் பறக்கும்போதும் தின்னு சேத்த தெம்பு வீணாப் போகுது.

வரப்புல மம்பட்டியோட ஒருத்தர் எதிர்ல வந்தா ஒதுங்கி வழி விடுங்க. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையறதுக்குத் தண்ணி தேக்கத்தான் அந்தக் கரையைப் போட்டாங்க. நாம அதுல ஓடறது, அவங்க கட்டி வச்சதால நமக்குக் கிடைச்ச கூடுதல் லாபம்.

அடுத்த வாரம் பாப்போம்.