மானாப் புல்லில் வைத்த தீ

(தோட்ட மாதா சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சப்ரகமுவ என்றாலே மழைதான். இரத்தினபுரிக்குக் குடையில்லாமல் யார் போகிறோம்? அப்படியிருந்தும் மாசி, பங்குனியில் நம் மலைகளில் புல் காய்ந்துவிடுகிறது. பலாங்கொடை, பெலிஹுல்ஓயா பக்கம் ஆடி, ஆவணியிலும் மானா மஞ்சளாகிக் கிடக்கும். ஒரு நெருப்புக் குச்சி போதும்.

நம் நாட்டில் காட்டுத்தீ தானாகப் பிடிப்பது மிக அரிது. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று ஒருவர் வைப்பார். தேன் எடுக்கப் புகை போட்டவர் அணைக்காமல் வருவார். வேட்டைக்கு வைப்பவரும் உண்டு.

நாங்கள் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பங்குனி மாதம், மேல்மலையில் தீ. வைத்தவர் கெட்ட மனிதர் இல்லை, இரண்டு பசு வளர்த்தவர். பின்னேரம் காற்று மாறி, தீ பைனஸ் காட்டுக்குள் போய்விட்டது. பைனஸ் இலை காய்ந்து மெத்தை மாதிரிக் கிடக்கும், மரத்தில் பிசினும் உண்டு, கேட்கவா வேண்டும்! பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அடித்து, விடியும்போதுதான் அடங்கியது.

லயம் தப்பியது, பீலி தப்பவில்லை. ஊற்றுக்கு மேலிருந்த காடு எரிந்தது, தண்ணீர்க் குழாயும் உருகிப்போனது. மூன்று கிழமை தாய்மார் ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். விடியுமுன் இரண்டு நடை. பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர். பிறகு பெய்த முதல் மழைக்குச் சாம்பலும் மண்ணுமாக இறங்கிக் கானெல்லாம் மூடிவிட்டது. பசுக்காரரும் எங்களோடு நின்றுதான் கான் தோண்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தீயைக் கண்டால் மலையில் மேலே ஓடாதீர்கள். சூடு மேலே போய் மேற்புல்லைக் காய வைத்துவிடும், அதனால் தீ ஏறும் வேகத்துக்கு நம் கால் ஈடுகொடுக்காது. தமிழ்நாட்டில் தேனிப் பக்கம் குரங்கணியில், 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து இறங்கி வந்த மலையேறிகளைக் காய்ந்த புல்லில் தீ வளைத்துக்கொண்டது. 20க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இளம் பிள்ளைகள்! பக்கவாட்டில் விலகுங்கள். ஏற்கெனவே எரிந்து ஆறிய இடமோ வெறும் மண்ணோ இருந்தால் அதில் நில்லுங்கள். பிள்ளை மடுவத்துக் குழந்தைகளை முதலில் இறக்குங்கள். 117க்கு அறிவியுங்கள், காயம் என்றால் 1990.

இன்னொன்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில், கதவருகே இருக்கட்டும். லயத்தில் ஒரு காம்பிரா பற்றினால் கூரை வழியே அடுத்த காம்பிராவுக்கும் போகும். 1948இல் குடியுரிமை பறிபோன பிறகு, ஒரு கடதாசிக்காக நம் பெரியவர்கள் பட்ட பாட்டை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வரும் ஞாயிறு காலை, பீலிக்கு மேலே ஆறடி அகலத்துக்குப் புல்லைச் சுரண்டி வெறும் மண்ணாக்கப் போகிறோம். மண்வெட்டி, சுரண்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். மாடு வளர்ப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும், வெட்டிய புல் அவர்களுக்குத்தான். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.